வெளியாள்

டுவேன் ஹாவ்லிக்கின் வீட்டில் கராஜ் என்று ஒன்று இருந்தது. அதில் கார் நிறுத்துவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தானே தவிர, கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் கண்ணால் கண்டதில்லை. மினசோட்டாக் குளிரில் ஒவ்வொரு ஜனவரிக் காலையும் அவன் வாசலில் நின்று கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பான். அவன் சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கதகதப்பான கராஜுக்குள் சுகமாக நின்றிருக்கும் மனைவி கொரினின் ஐந்து சைக்கிள்கள்.

சைக்கிள்கள் மட்டும் என்றால் பொறுத்திருப்பான். கொரின் அந்த வட்டாரத்துத் தொலைபேசிக் கூட்டுறவில் இன்டர்நெட்டைக் கட்டி மேய்க்கிற வேலையில் இருந்தாள். பகலெல்லாம் அங்கே எந்த ஒயர்களோடு மல்லுக்கட்டினாளோ அதே ஒயர்களோடு ராத்திரி வீட்டில் கொஞ்சிக் குலாவுவாள். பிரிண்டர்கள், பழைய ரேடியோக்கள், வயிறு கிழிந்து கிடக்கும் லேப்டாப்புகள், ஊரார் குப்பையில் போட்ட வாஷிங் மெஷின்களின் மோட்டார்கள், எல்லாம் கராஜில் கூரைவரை ஏறியிருந்தன. அதிலிருந்து என்னென்னவோ பிறந்து வீட்டுக்குள் வரும். அவள் ஆபீஸிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது தானியக் கிடங்குத் திருப்பத்தைத் தாண்டினாலே சமையலறையில் காப்பி இறங்கத் தொடங்கும். வடக்கு வானத்தில் துருவ ஒளி ஆடப்போகிறது என்றால் வாசல் விளக்கு பச்சையாகும். பறவைத் தீனியைத் திருட வரும் அணிலை மட்டும் ஒரு கேமரா அடையாளம் கண்டு தண்ணீர் பீய்ச்சும். ஒருதடவை அது தபால்காரரையும் அணிலாக எண்ணிவிட்டது. நிலவறையில் மழைத்தண்ணீர் ஏறினால், டுவேன் பள்ளிக்கூடத்தில் பழக்கும் பேண்டுக் குழுவின் டூபா என்னும் பெரிய கொம்பு முழங்கும். அதை அவள் அவனுக்கே தெரியாமல் ஒரு கச்சேரியில் பதிவு செய்திருந்தாள். முதல்முறை அது முழங்கியபோது டுவேன் கட்டிலிலிருந்து எழுந்து நின்று, "மெதுவா, மெதுவா!" என்று தூக்கத்திலேயே கையாட்டினானாம். இதை அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவன் பேண்டு வாத்தியார். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும், கொரின் உட்பட. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு டிரம்பெட்டை ஊதும்போது அதற்கும் மேலே தன் குரல் கேட்கும்படி கத்திக் கத்தி, அவன் தொண்டை கால் மைலுக்குப் போகும் தொண்டையாகிவிட்டிருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தொண்டை திறந்தது.

"அந்தக் குப்பையில பாதியை எடுத்துப் போட்டீன்னா, இந்தக் குளிருக்காவது காரை உள்ள விடலாம்ல?"

"குப்பைன்னு சொல்லாதே."

"சரி, பொக்கிஷம். பாதிப் பொக்கிஷத்தை எடுத்துப் போடு."

கொரின் சோளத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். செப்டம்பரில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்சாலைப் பந்தயம் நடக்கும். தார் போடாத பண்ணைச் சாலைகளில் நூறு மைல், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. இரண்டு முறை போயிருந்தாள், இரண்டு முறையும் முடிக்கவில்லை. முதல் வருஷம் டயர் கிழிந்தது. போன வருஷம் ஊர் எல்லையில் வரும்போதே சூரியன் போய்விட்டது. அன்று வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது எப்படி வலித்தது என்று டுவேனுக்குத் தெரியும், தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

"பந்தயம் கட்டுவோமா, வாத்தியாரே?" என்றாள். "இந்தத் தடவையும் நான் முடிக்கலைன்னா பாதி கராஜ் உனக்கு. காரை விட்டுக்கோ, கட்டில் போட்டுப் படுத்துக்கோ, என்னமோ பண்ணிக்கோ."

"முடிச்சிட்டா?"

"சாகுற வரைக்கும் குப்பைங்கிற வார்த்தை உன் வாயில வரக் கூடாது."

டுவேன் மேஜைக்கு மேலே கையை நீட்டினான். சோளத்தில் தடவிய வெண்ணெய் ஒட்டிய கைகள் குலுங்கிக்கொண்டன. அன்றே அவன் மனசுக்குள் காரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியாகிவிட்டது.

பந்தயத்தன்று இருட்டு விலகுகிற நேரத்தில், ரஸ்க் ஃபால்ஸ் ஊர்ப் பூங்காவில் நூற்றுச் சொச்சம் பேர் சைக்கிளும் கையுமாக நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பந்தயத்தை நடத்துகிற வெர்னா, முப்பது வருஷம் கிராமங்களில் தபால் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். வெள்ளத்திலும் பனிப்புயலிலும் ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிடாதவர் என்று பேர். மேஜைமேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"வருஷா வருஷம் சொல்றதுதான், காதைத் திறந்து வச்சுக் கேளுங்க. உங்க சைக்கிளு, உங்க காலு, உங்க பாடு. வழியில கடை இருந்தா காசு கொடுத்து வாங்கித் தின்னுங்க. கூட ஓட்டுறவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கலாம். வெளியாளு ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் சரி, ஒரு ஸ்க்ரூ குடுத்தாலும் சரி, பேரை அடிச்சிருவேன்."

"புருஷன் குடுத்தா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"புருஷனும் வெளியாளுதான். முக்கியமா புருஷன்!"

கூட்டம் சிரித்தது. ஓரமாகக் காப்பியோடு நின்ற டுவேனும் சிரித்தான்.

"வெளியாளுங்க கை தட்டலாம், கத்தலாம். அதுக்கு மேல வேண்டாம். சூரியன் அந்தத் தானியக் கிடங்குக்குப் பின்னால முழுசா இறங்குற வரைக்கும் நான் இங்க உக்காந்திருப்பேன். அதுக்குள்ள வந்து இந்த மணியை அடிச்சவங்க முடிச்சவங்க. மத்தவங்களுக்கும் சாப்பாடு உண்டு."

மாட்டுக் கழுத்து மணி ஒன்று முடிவுக்கோட்டுக் கம்பத்தில் தொங்கியது. கொரின் அதை ஒருமுறை பார்த்தாள், பிறகு டுவேனைப் பார்த்தாள். "காரைக் கழுவி வச்சுக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

காலை முழுக்க டுவேன் செல்போனில் ஒரு நீலப் புள்ளியைப் பின்தொடர்ந்தான். சைக்கிளில் பூட்டியிருந்த சின்னப் பெட்டி அனுப்பும் புள்ளி அது, அவள் செய்த பெட்டி. அவனும் அங்கங்கே போய் நின்று கை தட்டினான். சோளக் கொல்லைகளுக்கு நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு வருவாள், ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள். நன்றாகத்தான் ஓட்டினாள். போன வருஷத்தைவிட வேகம். டுவேனின் மனசுக்குள் கார் கராஜிலிருந்து ஒரு அடி பின்னுக்கு வந்தது.

மத்தியானத்துக்கு மேல் புள்ளி நின்றது. தண்ணீர் குடிக்கிறாள் என்று நினைத்தான். பிறகு டயராக இருக்கும் என்று நினைத்தான். பிறகும் அது நகராததைப் பார்த்துக் காரைக் கிளப்பினான்.

ஒரு லூத்தரன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ஏற்றத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள் கொரின். பந்தயத்தில் இருந்த ஓடிஸ் என்ற பல் டாக்டர் தன் சைக்கிளைப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குச்சி ஒண்ணு பின்சக்கரத்துல மாட்டிக்கிச்சு," என்றார் அவர் டுவேனிடம். "ஹேங்கர் போச்சு."

பின்சக்கரத்தில் சின்னதும் பெரிதுமாக அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களில், செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிற கை ஒன்று உண்டு. அதைச் சைக்கிளோடு பிடித்து வைத்திருப்பது கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு, அதுதான் ஹேங்கர். அடி பட்டால் சைக்கிளின் சட்டம் உடையாமல் இருக்கட்டும் என்று, முதலில் தான் உடைவதற்கென்றே செய்த பாவப்பட்ட ஜென்மம். அதனால் தூரம் போகிறவர்கள் உபரியாக ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம், ஒன்றுக்கு இன்னொன்று சேராது. ஓடிஸ் தன்னுடையதை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டார். பொருந்தவில்லை. அரை சாண்ட்விச்சை அவளிடம் கொடுத்து, "மன்னிச்சுக்க கொரின்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

"உன்கிட்ட உபரி இருந்துச்சே?" என்றான் டுவேன்.

"இருந்துச்சு." அவள் தலை நிமிரவில்லை. "போன வாரம் பையிலேருந்து வெளிய எடுத்தேன்."

"எதுக்கு?"

"அளவு எடுக்க. கம்பெனிக்காரன் மூலையைச் சரியா செய்யல, இதைவிட நல்லதா நானே ஒண்ணு செய்யலாமேன்னு தோணுச்சு."

டுவேனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடக்குமா? மறதிக்காரர்கள் உபரியை எடுத்துவைக்க மறப்பார்கள். இவள் மறக்காமல் எடுத்துவைத்து, அதை இன்னும் மேம்படுத்துகிறேன் என்று வெளியே எடுத்து, எங்கேயோ விட்டிருக்கிறாள்.

"எங்க வச்சே?"

அவள் கண் காருக்குப் போனது. அவன் பார்வையும் அங்கே போனது. திறந்திருந்த கதவு வழியாக, இரண்டு இருக்கைக்கும் நடுவே காப்பி வைக்கிற குழியில், வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது அந்தத் துண்டு. வாரம் முழுக்க அவன் அதன் மேலேதான் காப்பியை வைத்து எடுத்திருக்கிறான்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. கல்லறையில் இருக்கிறவர்கள் யாரும் வெர்னாவிடம் போய்ச் சொல்லப்போவதில்லை.

டுவேன் காரை நோக்கி இரண்டு அடி வைத்தான். அதுவரை அவன் யாருடைய பக்கம் என்று அவனைக் கேட்டிருந்தால், நல்ல கணவனாக ஏதாவது சொல்லியிருப்பான், உள்ளுக்குள் கராஜை நினைத்திருப்பான். அந்த இரண்டு அடியில் கராஜாவது மண்ணாவது என்றாகிவிட்டது. போன வருஷம் வீடுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்தாளே, அந்த முகம் இன்னொரு தடவை வேண்டாம். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

"தொடாதே," என்றாள் கொரின்.

"யாரு பாக்குறா?"

"நான் பாக்குறேன்ல."

"கொரி, நீ வந்து நீயே எடுத்துக்கோ. நான் குடுக்கல. காரு உன் பேருலயும்தானே இருக்கு?"

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ. கதவைச் சாத்து."

சாத்தினான். திரும்பி வந்து, வெயில் அவள் கண்ணில் படாதபடி நின்றான்.

"தள்ளி நில்லு."

"இப்ப நான் என்ன பண்ணேன்?"

"உன் நிழலும் உதவிதான்."

டுவேன் வேலியோரம் போய் நின்றான். இப்படி நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்லி இதுவரை யாரும் அவனைத் தண்டித்ததில்லை. கராஜில் அவள் வேலை செய்வதை அவன் பார்த்ததே கிடையாது. கதவைத் திறந்து "சாப்பாடு" என்று கத்துவான், மூடிவிடுவான். இப்போதுதான் பார்த்தான்.

ஹேங்கர் உடைந்து தொங்கிக்கொண்டிருந்த செயின் தள்ளும் கையைக் கழற்றி, துடைத்து, பையில் வைத்தாள். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. எதையும் தூக்கி எறியவில்லை, வானத்தைத் திட்டவில்லை. செயினை எடுத்து முன்பல்லிலிருந்து பின்பல்லுக்கு நேராகப் போட்டுப் பிடித்தாள். கியரே இல்லாத பழைய சைக்கிள் மாதிரி, ஒரே ஒரு பின்பல்லில் மாட்டி மிச்ச தூரத்தை ஓட்டப்போகிறாள் என்று அவனுக்கும் புரிந்தது.

"எந்தப் பல்லுல வேணா மாட்டலாமா?"

"முடியாது. செயினை ரெண்டு ரெண்டு கண்ணியாத்தான் வெட்ட முடியும். சக்கரம் முன்ன பின்ன நகராது. ஒண்ணுல மாட்டினா தொளதொளன்னு கழண்டு விழும், இன்னொண்ணுல எட்டவே எட்டாது." அவள் விரல் பின்பற்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. "சில சைக்கிள்ல மட்டும் ஒரே ஒரு பல்லுல கச்சிதமா உக்காரும். மாய கியர்னு சொல்வாங்க. எல்லா சைக்கிளுக்கும் இருக்காது."

"உன்னோடதுக்கு இருக்கா?"

"கணக்குல இருக்கு."

"கணக்கா?"

"ஜனவரியில போட்டேன். மேலேருந்து ஆறாவது பல்லு."

"எதுக்குப் போட்டே?"

கொரின் முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. பாட்டு எதற்குக் கேட்கிறாய் என்று யாராவது அவனைக் கேட்டால் அவன் இப்படித்தான் பார்ப்பான்.

"தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு," என்றாள்.

சின்னக் கருவியால் செயினின் ஆணியைத் தள்ளினாள். வெட்டின இடத்தைச் சேர்க்கும்போது மூச்சைப் பிடித்திருந்தாள். டுவேனும் வேலியோரம் மூச்சைப் பிடித்திருந்தான். மிதிகட்டையைக் கையால் மெல்லச் சுற்றினாள். செயின் ஆறாவது பல்லில் ஏறி, தொங்காமல், இறுகாமல், ஒரு சத்தமும் போடாமல் ஓடியது. அவள் வேகமாகச் சுற்றினாள், அப்போதும் சத்தமில்லை.

"பரவாயில்லையே," என்றான் டுவேன். அவர்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. குழந்தை பிறந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், அறுவடை கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் டுவேனுக்கு அது போதவில்லை. "கொரி, அபாரம். நிஜமாச் சொல்றேன்," என்று அவன் சொன்னபோது அவள் ஏற்கனவே சைக்கிளை நிமிர்த்தி ஏறிவிட்டாள்.

இன்னும் நாற்பது மைல் இருந்தது. ஒரே கியரில் சமதரையில் கால் பம்பரமாகச் சுற்ற வேண்டும், ஏற்றத்தில் எழுந்து நின்று முழு உடம்பாலும் அழுத்த வேண்டும், பெரிய ஏற்றம் என்றால் இறங்கித் தள்ள வேண்டும். டுவேன் பின்தொடர்ந்தான். நின்ற இடத்திலெல்லாம் கத்தினான். மற்ற ஓட்டுகிறவர்களின் வீட்டார் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "வாத்தியாரு பொண்டாட்டி ஒத்தைக் கியர்ல வருது" என்ற சேதி அவளுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது. ஒரு ஏற்றத்தில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, தள்ளிவிடக் கைகள் துறுதுறுத்ததால், அவன் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நின்றான்.

மாலை இறங்கியது. கடைசித் திருப்பத்துக்குப் போய்க் காத்திருந்தான். அங்கே நேர்ச்சாலை மேற்கே பண்ணைகளுக்குப் போகும், பந்தயச் சாலை இடதுபுறம் ஊருக்குத் திரும்பும். திருப்பத்தில் வெர்னா வைத்த சிறிய அம்புக்குறி, அதற்குப் பின்னால் நாலைந்து மாடுகள். வேறு யாரும் இல்லை. சூரியன் ஊர்த் தானியக் கிடங்கின் உயரத்துக்கு இறங்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

வந்தாள். முகமெல்லாம் புழுதி, வாய் திறந்திருந்தது. சூரியன் நேராக அவள் கண்ணுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்து, மிதித்து, மிதித்து, அம்புக்குறியைப் பார்க்காமல், திருப்பத்தைத் தாண்டி நேரே மேற்கே போனாள்.

டுவேன் யோசிக்கவில்லை. நாற்பது டிரம்பெட்டுகளுக்கு மேலே போகிற தொண்டை தானாகத் திறந்தது.

"இடது! கொரி, இடது பக்கம்!"

மாடுகள் திடுக்கிட்டு விலகின. கொரின் பிரேக் பிடித்தாள், கற்கள் சறுக்கின. திரும்பிப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு கணம் கூடுதலாக நின்றது. பிறகு வட்டமடித்து இடதுபுறச் சாலையில் இறங்கி ஊரைப் பார்க்க மிதித்தாள். டுவேன் சந்தோஷத்தில் குதித்தான், காரில் ஏறி ஸ்டீரிங்கைக் குத்தினான், ஹாரனை அடித்தான். தான் செய்த காரியம் என்னவென்று அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

அவன் பூங்காவை எட்டியபோது கிடங்குக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு கீற்றுச் சூரியன் இருந்தது. சாப்பாட்டுத் தட்டுகளோடு கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. கொரின் கோட்டைத் தாண்டி வந்து, மணிக்குப் பக்கத்தில் நின்றாள். கை நீட்டினால் மணி. அவள் நீட்டவில்லை. சைக்கிளை மெதுவாகக் கம்பத்தில் சாய்த்துவிட்டு வெர்னாவின் மேஜைக்கு நடந்தாள்.

"மணியை அடிம்மா! என்ன யோசனை?" என்றார் வெர்னா.

"என் பேரை அடிச்சிடுங்க. கடைசித் திருப்பத்துல நேரே போயிட்டேன். ஒருத்தர் வழி சொன்னாரு."

"ஓட்டுறவங்களா?"

"வெளியாளு."

வெர்னாவின் கண் டுவேனைத் தேடிப் பிடித்தது. அப்போதுதான் டுவேனுக்கு உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"கத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க? நான் கத்தத்தானே செஞ்சேன்!"

"என்ன கத்துறதுன்னு ஒண்ணு இருக்குல்ல, வாத்தியாரே?" வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொரின், நான் ஒண்ணும் உன்னைக் கேக்கலயே. எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றார். வெள்ளத்திலும் பனிப்புயலிலும் வளையாத மனுஷி அன்று வளையப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமே," என்றாள் கொரின்.

வெர்னா பேனாவை எடுத்தார். கோடு போடும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் கிடங்கு சூரியனை முழுசாக விழுங்கியது.

காரில் கொரின் வெடித்தாள். "ஒரு நிமிஷம் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உன்னால? நானே பாத்துத் திரும்பியிருப்பேன்! காலு போற வழியில போய், சாலை மாறுதுன்னு தெரிஞ்சு, நானே திரும்பியிருப்பேன்!" திரும்பியிருப்பாள் என்று அவனுக்கும் தெரியும், திரும்பியிருந்தால் சூரியன் காத்திருக்காது என்று அவளுக்கும் தெரியும். டுவேன் காரை ஓரமாக நிறுத்தினான். ஐம்பத்துநாலு வயசு மனுஷன், ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து, விக்கி விக்கி அழுதான்.

கொரின் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பந்தயத்துல ஜெயிச்சவன் அழுறதை இப்பத்தான் பாக்குறேன்," என்றாள்.

"ஜெயிச்சதெல்லாம் இல்ல. பந்தயமே இல்ல. செல்லாது."

"செல்லும். முடிக்கல, அவ்வளவுதான். பாதி கராஜ் உன்னோடது." அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். "வண்டியை எடு. பசிக்குது."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த வாரமே கராஜின் இடதுபாதியைப் பெட்டி பெட்டியாகக் கட்டி நிலவறைக்கு இறக்கினாள். இரண்டு சைக்கிள்களை விற்றாள். வேண்டாம் வேண்டாம் என்று டுவேன் பின்னாலேயே அலைந்தான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கூட்டிப் பெருக்கிச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. டுவேன் காரை உள்ளே விட்டான். அழகாக நின்றது, அளவெடுத்துத் தைத்ததுபோல. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இருபத்துமூன்று வருஷம் ஆசைப்பட்டது இதுதான். இடதுபக்கம் வெறும் சிமெண்டுச் சுவர். பெட்டிகள் இருந்த இடங்களில் தூசி மட்டும் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. எந்த விளக்கும் கண் சிமிட்டவில்லை, எதுவும் முணுமுணுக்கவில்லை. தன் வீட்டிலேயே இந்த அறைக்கு மட்டும் தான் வெளியாளாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. யாரும் அவனை வெளியே நிறுத்தவில்லை. அவனாகத்தான் கதவைத் திறந்து கத்திவிட்டு மூடிக்கொண்டிருந்தான்.

காரைப் பின்னால் எடுத்து வாசலில் நிறுத்தினான். நிலவறைக்குப் போய் மேலே இருந்த பெட்டியைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். முழங்கால் வலித்தது. கொரின் இதற்குள் அங்கே வலதுபக்க மேஜைக்கு வந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவன் பெட்டியை இறக்கி, திறந்து, கைக்கு அகப்பட்டதை வெளியே எடுத்தான். செம்புக்கம்பி சுற்றிய மரக்கட்டை ஒன்று, அதிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கின.

"இது என்ன?" என்று கேட்டான்.

கொரின் பட்டென்று திரும்பினாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான், ஒருதடவைகூடப் பதிலுக்காகக் கேட்டதில்லை. அவள் அவன் முகத்தில் கேலியைத் தேடினாள். கிடைக்கவில்லை. அவன் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான், பதில் வரும்வரை நிற்பவனாக.

"கதவைச் சாத்திட்டு வா," என்றாள் கொரின், இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு. "குளிருது. சொல்ல நேரமாகும்."